இருபத்தாறாவது வயதில் விட்ட கேட்ச்

கிளாட்வின் தன் இருபத்தாறாவது வயதில் விட்ட கேட்ச்சுக்காகப் பதினைந்தாவது வயதில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

இடம், தூத்துக்குடியில் ஒரு பேக்கரி வாசல். ஏசியவர் ஓர் ஆட்டோக்காரர். ஒரு கையில் டீ, மறு கையில் பப்ஸ். வாய் சும்மா இருப்பது பிடிக்காமல் அதற்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்.

“ஏல, கைக்குள்ள வந்த பந்துல அது! கைக்குள்ள! பச்சப்புள்ள பிடிச்சிருக்கும். பைனல்ல போய் விடுத! ஒன்ன நம்பி டீம்ல எடுத்தேம் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்.”

“அது நான் இல்ல அண்ணாச்சி,” என்றான் பையன்.

“நீ இல்லாம பின்ன ஒங்க தாத்தாவா? மொகத்தப் பாத்தேம்லா. தாடி வச்சுக்கிட்டா தெரியாதாக்கும்?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஒல்லியான உடம்பு, நீளமான கை. கீப்பருக்கென்றே யாரோ பார்த்துச் செய்த மாதிரி தொடை. அந்தத் தொடையைத்தான் முதலில் கவனித்தாள், சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி. தொழில் புத்தி. காலையில்தான் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். ஒரு காலத்தில் மாநிலப் பெண்கள் அணிக்கு விக்கெட் கீப்பர். அதற்குச் சாட்சியாக அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் முழுதாக நிமிராது. இப்போது ‘நிழலாட்டம்’ கம்பெனியில் இளம் கீப்பர்களை மதிப்பிடுவது வேலை. அந்தக் கேட்ச் விடப்பட்டதற்கு ஒரு மனுஷப் பிறவியைக் காரணம் சொல்லவேண்டுமென்றால் அது மங்கைதான். ஆட்டோக்காரருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஏச்சில் பாதி இந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

பார்சலுக்காகக் காத்திருந்த ஒரு வெளியூர்க்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மக்ரூனை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

“என்னம்மா பிரச்சனை? அந்தப் பையன் என்ன பண்ணான்?”

“அது எம் மவன் சார்,” என்றாள் ஸ்டெல்லா, டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல். “நிழல்னு ஒரு வெளாட்டு உண்டு. பிள்ளைய கையில கிளவுசு மாட்டி, முட்டில பட்டை கட்டி, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள போட்டுருவாவ. அது உள்ள போயி தானா வளந்துரும். இங்க ஒரு மாசம்னா அங்க ஒரு வயசு. வளந்து பெரிய ஆளாகி மேட்ச் ஆடும். சனங்க அந்தப் பிள்ளையள வச்சு டீம் கட்டுவாவ.”

“ஓ, ஃபேன்டஸி லீக்கா?”

“அதேதான். முன்னால இன்னைக்கு ஆடுத ஆள வச்சு ஆடினாவ. அது சலிச்சுப் போச்சு போல. இப்ப நாளைக்கு ஆடப்போற ஆள வச்சு ஆடுதாவ.”

“அப்ப அந்தக் கேட்ச்சு?”

“எம் மவன் இன்னும் பதினோரு வருசம் கழிச்சு விட்டது சார். போன மாசம் விட்டான்.”

வெளியூர்க்காரர் பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, மேற்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மங்கை எழுந்து ஸ்டெல்லாவிடம் போய்த் தான் யாரென்று சொன்னாள். ஸ்டெல்லாவுக்கு ஞாபகம் இருந்தது. போன வருஷம் இதே அக்காதான் கிளாட்வினுக்குக் கிளவுஸ் மாட்டிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முதல் காரியமாகத் தன் போனைக் காட்டினாள். திரையில் ஒரு தாடிக்காரன் ஸ்டம்புக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். கண்ணின் ஓரத்தில் சுருக்கம். உதட்டில் ஸ்டெல்லாவின் சிரிப்பு.

“அவங்கப்பா மாதிரியே இருக்காம்லாக்கா? அவிய கப்பல்லயே கெடக்காவ, வருசத்துக்கு ஒருக்க வாராவ. இவனையாவது தெனமும் பாக்கேன். தெனமும் சாயங்காலம் ஆடும்போது பாத்துருவேன். விட்ட அன்னைக்கு அழுதேன் பாருங்க... பிள்ள தனியா நின்னான்க்கா கிரவுண்டுல. ஒருத்தனும் பக்கத்துல வரல.”

“அம்மா, அது நான் இல்லம்மா,” என்றான் கிளாட்வின் மறுபடியும். அன்றைக்கு அவன் பேசியதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் போலிருந்தது.

மங்கை இந்தத் தடவை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பேட்ஸ்மேனை அளக்கவும் பவுலரை அளக்கவும் கம்பெனி ஆள் அனுப்புவதில்லை. கேமராவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். கீப்பர் விஷயம் வேறு. அவன் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நடக்காத ஒன்றைக் கேமரா எப்படி எடுக்கும்? போதாததற்கு, சின்ன வயதில் சூரனாக இருக்கிற கீப்பர் இருபது வயதில் முட்டி போய் உட்கார்ந்துவிடுவான். சோப்ளாங்கி மாதிரி இருந்தவன் முப்பதில் சிங்கமாக வருவான். கீப்பரை நம்பி டீம் கட்டுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்று லீக் ஆடுகிறவர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டு இறங்குவார்கள். அதனால் கீப்பருக்கு மட்டும் ஒரு மனுஷக் கண் வேண்டியிருந்தது. அந்தக் கண் போடுகிற எண்களை வைத்துத்தான் நிழல் வளரும்.

அந்தப் பைனலுக்குப் பிறகு கம்பெனிக்குப் புகார் மேல் புகார். கிளாட்வினை மறுபடி அளந்து வா என்று அனுப்பிவிட்டார்கள். நிழல் விட்டது இடப்பக்கத்துப் பந்து; போன வருஷமே மங்கை குறைவாகப் போட்டிருந்த அந்தப் பக்கத்து எண் இன்னும் இறங்கினால் அவன் நிழலைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள். அடுத்த மாதம் பதினாறு வயதுக்குட்பட்டோர் மாநில முகாம். தேர்வாளர்கள் நிழலைப் பார்ப்பதில்லை என்று பேப்பரில் சொல்வார்கள். பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். தன் நிழலே துரத்தப்பட்ட பையனை யார் எடுப்பார்கள்? பையனோ, கிளவுஸை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கோச்சிடம் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தான்.

பள்ளிக்கூட மைதானத்துக்கு நடந்து போகும்போது கிளாட்வின் கேட்டான்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஏச மாட்டியளே?”

“கேளு.”

“அந்த பைனல் நடக்கது என்ன தேதின்னு கம்ப்யூட்டர்ல இருக்குமா?”

“எதுக்கு?”

“தெரிஞ்சா அன்னைக்கு மட்டும் லீவு போட்டுருவேன். வயித்துவலின்னு சொல்லிக்கிடலாம்.”

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. பையன் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மைதானத்தில் கோச் அருள்தாஸ் தயாராக இருந்தார். கம்பெனி கிளவுஸை மாட்டி, முட்டிக்குப் பட்டை கட்டி, பையனை ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அருள்தாஸ் பந்து போட, மங்கை மட்டையை லேசாகக் காட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உரசிவிட்டாள். வலப்பக்கம் போன பந்தையெல்லாம் பையன் பூப்பறிப்பது போல எடுத்தான். இடப்பக்கம், அதாவது லெக் சைடு, பந்து போனபோது அவன் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். கை போகவில்லை. ஒன்றிரண்டு தடவை போனது, ஆனால் பந்து போய்ச் சேர்ந்த பிறகு போனது. கிளவுஸுக்குள் இருந்த கருவி அத்தனையையும் ஈவு இரக்கமில்லாமல் எழுதிக்கொண்டது.

“போன மாசம் வரைக்கும் எல்லாம் பிடிச்சுக்கிட்டுதான் மேடம் இருந்தான்,” என்றார் அருள்தாஸ், மங்கையைத் தள்ளிக் கூட்டிப்போய். “எங்கிட்ட வந்த புதுசுல லெக் சைடே போக மாட்டான். ஒரு வருசமா வச்சு வாங்கி, காலைலயும் சாயங்காலமும் அதையே போட்டு, சரிபண்ணி வச்சிருந்தேன். அந்தப் பாழாப்போன பைனலப் பாத்தான், பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிட்டான்.”

“புதுசுல ஏன் போக மாட்டான்? கை பலமில்லையா?”

“கைக்கு என்ன கேடு? நீங்க அவன் தெருவப் பாத்ததில்லையா?”

பார்த்ததில்லை. போன வருஷம் வந்தபோது மூன்று மேட்ச் பார்த்தாள், எல்லாம் நல்ல மைதானத்தில். தெருவுக்குப் போகவேண்டும் என்று தோன்றவில்லை. அன்று சாயங்காலம் போனாள்.

குறுகலான சந்து. ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் கன்னியர் மடத்து மதில், ஆள் உயரத்துக்கு மேல். பொடியன்கள் மூன்று செங்கலை அடுக்கி ஸ்டம்ப் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பேட்ஸ்மேனுக்கு முதுகுப் பக்கம் மதில். பந்து ஒன்று பேட்ஸ்மேன் காலுக்குப் பின்னால் நழுவி மதில் பக்கம் போனது. கீப்பராக நின்ற பொடியன் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டான்.

“ஏன்டா தம்பி விட்டுட்ட?” என்றாள் மங்கை.

“எதக்கா?”

“இப்ப போச்சே, அந்தப் பந்த.”

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “அது செத்த பந்துக்கா. இது ஒன் சைடு கிரவுண்டு. லெக் சைடு ரன்னும் கெடையாது, அவுட்டும் கெடையாது. பந்து மதிலுக்கு உள்ள போச்சுன்னா சிஸ்டர்மார் குடுக்க மாட்டாவ. பத்து தடவ அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்லுவாவ. அதனால அந்தப் பக்கம் யாரும் அடிக்கக் கூடாது, கீப்பரும் பாயக் கூடாது. பாஞ்சா சிரிப்பாவ.”

“இடதுகைக்காரன் ஆடினா?”

“வலது கையிலதான் ஆடணும். இஷ்டம்னா ஆடு, இல்லன்னா போ.”

கிளாட்வின் பக்கத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். இந்தச் சந்தில்தான் அவன் நடக்கப் பழகியதிலிருந்து கீப்பர். இடப்பக்கம் போகிற பந்து தன்னுடையதல்ல என்று உடம்புக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தான். அதைத்தான் மங்கை நல்ல மைதானத்தில் பார்த்துவிட்டு, ‘இடப்பக்கம் பலவீனம்’ என்று எண் போட்டாள். பையன் தெருச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றதை, கை வராமல் நின்றதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஒரே வருஷத்தில் அருள்தாஸ் அதை மாற்றிவிட்டார். ஆனால் நிழல் அந்த எண்ணைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தது. இருபத்தாறு வயதில், பைனலின் கடைசி ஓவரில், மதிலே இல்லாத ஒரு மைதானத்தில், அது மதிலுக்குப் பயந்து பந்தை விட்டது.

மங்கை லாட்ஜுக்குத் திரும்பி சென்னைக்குப் போன் போட்டாள். எடுத்தவன் அவளுடைய மேலாளர் கௌஷிக். நல்ல பையன்தான். கிரிக்கெட் மட்டையை விளம்பரத்தில் தவிர வேறெங்கும் தொட்டவனில்லை.

“அந்த நம்பர் தப்பு கௌஷிக். திருத்தணும்.”

“இன்னிக்கு எடுத்த ரீடிங் என்ன சொல்லுது மேடம்?”

“போன தடவையைவிடக் குறைவு.”

“அப்போ நீங்க போட்டது சரியாத்தானே இருக்கு?”

“அன்னிக்குத் தப்பு. இன்னிக்குச் சரியாயிடுச்சு. நாம தப்பாச் சொன்னோம், அதை ஊரே பார்த்துச்சு, அவனும் பார்த்தான். பார்த்துப் பார்த்து இப்ப நெசமாவே விடறான்.”

“இதைப் போய் ஒரு ஜோசியர்கிட்ட சொல்லுங்க மேடம், மாலை போட்டுக் கொண்டாடுவார்.” சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைக் கவனித்துக் குரலை மாற்றிக்கொண்டான். “ரீடிங் இல்லாம நம்பரை ஏத்த முடியாது. சிஸ்டம் வாங்காது. இறக்கினா நிழலைத் தூக்கிடுவாங்க. நான் என்ன பண்ண?”

“ஒண்ணுமே போடாம காலியா விட்டா?”

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

“காலியா விட்டா நிழல் அப்படியே நின்னுடும். எங்க நிக்குதோ அங்கயே. திரும்ப எழுப்ப முடியாது. அவனை டீம்ல வெச்சிருக்கிறவங்க நம்மள உரிச்சுத் தொங்கவிடுவாங்க. இதுவரைக்கும் யாரும் அப்படிப் பண்ணதில்லை மேடம்.”

“ஏன் பண்ணல?”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு நம்ம ரிசப்ஷன்லயே பெருசா எழுதியிருக்கே, பார்த்ததில்லையா?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சந்தே கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மங்கை கிளாட்வினை அங்கே வரச்சொன்னாள். கம்பெனி கிளவுஸ் பையிலேயே கிடந்தது. உள்ளங்கை தேய்ந்துபோன அவனுடைய பழைய கிளவுஸை மாட்டிக்கொள்ளச் சொன்னாள். செங்கல்லை அடுக்கி, பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வரும்போது மட்டையால் உரசி, எல்லாவற்றையும் மதில் பக்கமே அனுப்பினாள். அவன் விட்டான். மறுபடி விட்டான். விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தான்.

“அக்கா, எழுதலையா?”

“எத?”

“நான் விட்டத.”

“யாரு பார்த்தா?”

“நீங்கதான் பாத்துக்கிட்டு நிக்கியளே.”

“எனக்குக் கண்ணு சரியில்ல. நீ ஆடு.”

அவன் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தளர்ந்தது. நெற்றியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மங்கை மட்டையை மதிலில் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் ஒரு பைனல்ல விட்டிருக்கேன், தெரியுமா? லட்டு மாதிரி வந்துச்சு, லெக் சைடுதான். தோத்துட்டோம்.”

“ஏசுனாவளா?”

“யாரு ஏச? பொம்பளைங்க ஆட்டம்னு கேமராவும் வரல, கூட்டமும் வரல. கிரவுண்டு வாட்ச்மேன் ஒருத்தர், ரெண்டு நாய். எங்க பவுலர் மட்டும் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினா. ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் எந்திரிச்சுப் பல்லு வெளக்கினேன், பயிற்சிக்குப் போனேன். அவ்வளவுதான்.”

“அது மறுபடி மறுபடி போன்ல வரலையா?”

“எந்தப் போன்ல வரும்? எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல. பந்து சேப்பா வெள்ளையான்னுகூட மறந்து போச்சு.”

கிளாட்வின் அதை வெகுநேரம் யோசித்தான். பல்லு வெளக்கினேன் என்றதில் ஏதோ அவனுக்குப் பிடித்துப்போனது போலிருந்தது. எழுந்து குத்த வைத்தான். அடுத்த பந்துக்குப் பாய்ந்தான். தோள் மதிலில் இடித்தது, பந்து விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. “எம்மா!” என்று தோளைப் பிடித்துக்கொண்டான். வலியில்தான் கத்தினான், ஆனாலும் சிரித்துக்கொண்டே கத்தினான். அதற்கடுத்ததைப் பிடித்தான். அதற்கடுத்ததை விட்டான். கோயில் விட்டு ஆட்கள் வரத் தொடங்கும்வரை இப்படியே போனது.

ஸ்டெல்லாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பெற்றவள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று மங்கை முடிவு செய்திருந்தாள். பேக்கரிக்குப் பின்னால், முட்டை ஓடு குவிந்து கிடக்கிற இடத்தில் நின்று பேசினார்கள்.

“நின்னுரும்னா... செத்துருவானாக்கா?”

“சாக மாட்டான். நின்னுடுவான்.”

“நின்னா என்ன, செத்தா என்ன. வளர மாட்டாம்லா.” ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கிறுக்கச்சின்னு நெனைப்பிய. அவனுக்குப் பொண்ணு பாக்கதுவரைக்கும் மனசுல ஓட்டி வச்சிருந்தேன். அவனையும் எம் புள்ளைன்னுதான நெனச்சேன். அவன் விட்ட அன்னைக்குக்கூட ஒரு வாய் சோறு எறங்கலயே எனக்கு.”

என்ன சொன்னாலும் அபத்தமாக இருக்கும் என்று மங்கைக்குத் தெரிந்தது. கதவோரம் நின்ற கிளாட்வின்தான் பேசினான்.

“எம்மா, அன்னைக்கு நானும் சாப்பிடல. நீ கேக்கவே இல்ல.”

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

“அவன் தாடியத்தான பாக்க? எனக்கும் வளரும்மா. வளரும்போது பாத்துக்க.”

“வளராட்டி?”

“வளராட்டி அதையும் பாத்துக்க.”

அவள் அவன் தலையில் ஓங்கி ஒரு கொட்டு வைத்தாள். பிறகு அந்தத் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டு அழுதாள். மாவு வாசனையடிக்கும் கை. கொஞ்சம் அடங்கியதும், “போட்டுருங்கக்கா, காலியாவே போட்டுருங்க,” என்றாள்.

‘அளக்க இயலவில்லை’ என்று மங்கை பதிந்தாள். அன்று சாயங்கால ஆட்டத்தில், ஸ்டம்புக்குப் பின்னால் குத்த வைத்திருந்த தாடிக்காரன் எழுந்திருக்கவே இல்லை. பந்து அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ஓவர் கழித்து அவன் இடத்தில் வேறு ஒருவனைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்டெல்லா கடைசிவரை பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தாள்.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. மாநில முகாமுக்கான பட்டியலில் கிளாட்வின் பெயர் வரவில்லை. “அளவே இல்லாத பையனை எந்தக் கணக்குல மேடம் எடுக்கிறது?” என்று ஒரு தேர்வாளர் மங்கையிடமே கேட்டார். அவன் ஆடி யாராவது பார்த்தீர்களா என்று அவள் கேட்டதற்கு, அதற்கெல்லாம் எங்கே நேரம் என்றார்.

கம்பெனியில் சீட்டு கிழியும் என்று மங்கை எதிர்பார்த்தாள். இரண்டு வாரம் கழித்து கௌஷிக் கூப்பிட்டான், குரலில் அப்படி ஒரு துள்ளல்.

“மேடம், நீங்க ஜீனியஸ்! உங்க பையன் நின்னதுலேர்ந்து ஜனங்க அவனைப் பத்தியேதான் பேசறாங்க. அவன் என்ன ஆகியிருப்பான், என்ன ஆகியிருப்பான்னு. மேலிடத்துல பார்த்தாங்க. புதுசா ஒரு பிரிவே ஆரம்பிக்கிறோம். ‘நிழலில்லாதவர்’. அளக்க முடியாத பசங்க மட்டும். நிஜத்துல என்ன ஆடறாங்களோ அதுக்கு மூணு மடங்கு புள்ளி. ஊர் ஊராப் போய் இந்த மாதிரி பசங்களை நீங்கதான் தேடித்தரணும்.”

பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்காய் முடியும் என்பது பெரியவர்கள் வாக்கு. அந்தக் குரங்குக்கும் உடனே டிக்கெட் போடுவார்கள் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

“கிளாட்வின் அதுல இருக்கானா?” என்று கேட்டாள்.

“அவன்தானே மேடம் முதல் பேரு!”

“அவங்கம்மா கையெழுத்துப் போடாம நீங்க பேரைப் போட முடியாது. அவ போடமாட்டா. நான் கேட்டாச்சு.” கேட்கவில்லை. ஆனால் ஸ்டெல்லா என்ன சொல்லுவாள் என்பதை அளந்து பார்க்கவேண்டிய அவசியம் மங்கைக்கு இல்லை. “அப்புறம், வேற ஆளைப் பாத்துக்கோங்க கௌஷிக். எனக்குக் கண்ணு சரியில்ல.”

மழைக்காலம் முடிந்து மங்கை மறுபடி தூத்துக்குடிக்கு வந்தாள். மக்ரூன் வாங்க வந்தேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னாள். ஸ்டெல்லா நம்பவில்லை, ஆனால் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். கையோடு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவளும் கூடவே மைதானத்துக்குக் கிளம்பினாள். மகன் ஆடி அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மாவட்ட லீக்கில் மூன்றாம் டிவிஷன் ஆட்டம். புல் பாதி, மண் பாதி. பார்க்க வந்தவர்களைவிட ஆடுகிறவர்கள் அதிகம். வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, பழைய பழக்கத்தை விடமுடியாமல், அதே ஆட்டோக்காரர் பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். ஸ்டம்புக்குப் பின்னால் கிளாட்வின். கொஞ்சம் வளர்ந்திருந்தான். தாடி இல்லை. மேலுதட்டில் புகை படிந்த மாதிரி ஏதோ ஒன்று, அதை மீசை என்று சொல்ல அவனுடைய அம்மா மட்டும் தயாராக இருந்தாள்.

எதிரணிக்கு இன்னும் கொஞ்சம் ரன்தான் தேவை. வேகப்பந்துக்காரன் ஓடிவந்து போட்டான். பந்து பேட்ஸ்மேனின் மட்டை ஓரத்தில் பட்டு லெக் சைடில் பறந்தது. கிளாட்வின் யோசிக்கவில்லை. இடப்பக்கம் முழு நீளத்துக்கும் பாய்ந்தான். பந்து கிளவுஸுக்குள் போய் உட்கார்ந்தது. மங்கை பாதி எழுந்துவிட்டாள். அவன் உடம்பு தரையில் மோதியதும் பந்து துள்ளி வெளியே உருண்டது.

பவுலர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். “கையில என்னல, ஓட்டையா? வீட்லயே கெடக்க வேண்டியதுதான!”

வேப்பமரத்தடியிலிருந்து ஆட்டோக்காரரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “ஏல, கைக்குள்ள வந்த பந்துல அது! பச்சப்புள்ள பிடிச்சிருக்கும்!”

ஸ்டெல்லா மங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிமிராத அந்த இரண்டு விரல்களும் வலித்தன. மங்கை கையை உருவிக்கொள்ளவில்லை.

கிளாட்வின் எழுந்தான். வாய்க்குள் போன மண்ணைத் துப்பினான். முழங்கையில் ரத்தம். வேப்பமரத்துப் பக்கம் திரும்பி, கையை உயரத் தூக்கி, முகமெல்லாம் பல்லாகக் கத்தினான்.

“ஆமா அண்ணாச்சி! இது நான்தான்!”

பிறகு ஸ்டம்புக்குப் பின்னால் போய், அடுத்த பந்துக்குக் குத்த வைத்தான்.